பதிவேட்டின் கடைசிக் கட்டம்

எங்கள் சபையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு என் தொழில்தான் காரணம். கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். "தம்பி, பழைய பேரேடு புரட்டிப் பழகினவர் நீர்தான். ஓர் ஐம்பது பக்கத்தில் எழுதித் தாரும்" என்றார் மூத்த மூப்பர். ஆண்டு விழாவுக்கு ஆறு மாதம் இருந்தது. தாராளமாகப் போதும் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் ஆனது; விழாவும் தள்ளிப் போனது.

சபை மிகச் சிறியது. ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர் வந்துவிட்டால் போதகருக்கு முகம் மலரும். அடைமழை நாட்களில் ஆட்களைவிட வாங்குகள் அதிகம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது கட்டடம். மணிக்கூண்டு கிடையாது. முச்சக்கர வண்டிக்காரருக்கு வழி சொல்வதென்றால் பக்கத்துப் பேக்கரியின் பெயரைத்தான் சொல்வோம்.

"நீங்கள் எந்தச் சபை?" என்று கேட்பவர்களிடம் பிரெஸ்பிட்டேரியன் என்றால் அடுத்த கேள்வி உடனே வரும்: "உங்கள் பிஷப் யார்?" எங்களுக்குப் பிஷப் இல்லை. பிரெஸ்புதெரோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். 1541இல் ஜெனீவாவில் கல்வின் வகுத்த ஒழுங்கில் போதகர், போதனாசிரியர், மூப்பர், உதவிக்காரர் என்று நான்கு பொறுப்புகள் இருந்தன. 1560இல் ஸ்கொட்லாந்து பாப்பரசரின் அதிகாரத்தைத் தள்ளிவிட்டு இந்த வழிக்கு வந்தது. ஒல்லாந்தரும் (டச்சுக்காரர்) இதே வழிக்காரர்கள். சபையார் தெரிவு செய்த மூப்பர்கள் போதகரோடு ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுப்பதுதான் இதன் சாரம். நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், எங்களால் கூட்டம் கூடாமல் எதையும் செய்ய முடியாது. கூட்டம் கூடினால் குறிப்பு எழுதாமல் இருக்க முடியாது. கழிவறைக்கு ஒரு வாளி வாங்கியதற்கும் முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் எங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. பல தலைமுறையாக இதைக் கேலி செய்தவர்கள் நாங்கள். வரலாறு எழுத உட்கார்ந்த பிறகு நான் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டேன்.

நான் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே விழாப் பதாகை அச்சாகி வந்துவிட்டது. அதில் சபையின் பெயருக்குக் கீழே பெரிதாக "1642 முதல்" என்று இருந்தது.

அந்த ஆண்டை மூப்பர் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. 1642இல் காலி நகரில் ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் ஆராதனை நடந்தது; இலங்கையில் எங்கள் வழியின் தொடக்கம் அதுதான். ஆனால் ஒல்லாந்தர் காலியைப் பிடித்தது 1640இல். கொழும்பு அவர்கள் கைக்கு வந்தது 1656இல். பதாகை சொல்லும் ஆண்டில் இந்த நகரம் போர்த்துக்கேயரிடம் இருந்தது. அப்போது இங்கே எங்கள் வழியில் யாராவது ஆராதனை நடத்தியிருந்தால் கோட்டைச் சிறையில்தான் நடத்தியிருக்க வேண்டும். இதை நான் நகைச்சுவையாகச் சொன்னேன். மூப்பர் சிரிக்கவில்லை. "அப்படியானால் 1749 என்று போடுவோம்" என்றார்.

1749 வுல்பெண்டால் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டு. எங்கள் ஒழுங்கையிலிருந்து நடந்து போகும் தூரம். ஐந்தடிக்குச் சற்றே குறைந்த கனமுள்ள சுவர்கள், சிலுவை வடிவம், 1757இல் பிரதிஷ்டை. கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயம் பாழான பிறகு அங்கே அடக்கப்பட்டிருந்த ஒல்லாந்து ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் வுல்பெண்டாலுக்கு மாற்றினார்கள். கல்லறைக் கற்கள் இன்றும் தரையில் இருக்கின்றன. வுல்பெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? நரியைப் பார்த்து அப்படி நினைத்திருப்பார்கள் என்று சொல்வதுண்டு. அந்தக் கட்டடத்துக்குள் நின்றால் யாருக்கும் அது தன் பாட்டன் வீடாக இருந்திருக்கக் கூடாதா என்று ஆசை வரும். எனக்கும் வந்தது.

ஆசை வேறு, பதிவு வேறு. ஒல்லாந்தர் காலத்துப் பதிவு என்றாலே அவதானமாக இருக்க வேண்டும் என்பதை இந்த வேலையில்தான் கற்றேன். அவர்கள் தோம்பு என்ற பதிவேடு எழுதுவதில் மன்னர்கள். காணிக்கு ஒரு தோம்பு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தோம்பு. ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பில் ஏறினால்தான் உத்தியோகமும் உரிமையும் எளிதாகக் கிடைத்த காலம் அது. ஆகவே பெயர்கள் ஆயிரக்கணக்கில் ஏறின. 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் பெரும்பாலோர் கோயிலுக்கும் விகாரைக்கும் கத்தோலிக்க தேவாலயத்துக்கும் திரும்பிவிட்டார்கள். பேரேட்டில் பெரிய தொகை, பெட்டியில் காசில்லை என்று எங்கள் கடை முதலாளி சொல்வது இதற்கும் பொருந்தும்.

அந்தக் காலத்தில் தமிழுக்கு மெய்யான உழைப்பும் நடந்தது. கொழும்பில் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ ஒல்லாந்துத் திருச்சபையில் போதகராக அபிஷேகம் பெற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலேயே அச்சானது. அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எங்கள் சபையின் மூதாதை என்று எழுதவில்லை. அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பெயரைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

எங்கள் சொந்தப் புத்தகங்கள் போதகர் அறையில் ஓர் இரும்பு அலுமாரியில் இருந்தன. மேல்தட்டில் பாமாலைகள், நடுவே உடைந்த ஒலிவாங்கி, அடித்தட்டில் வரலாறு. ஞானஸ்நானப் பதிவேடு, அங்கத்தவர் பதிவேடு, கூட்டக் குறிப்புகள் ஏழு, காணிக்கைக் கணக்குகள். இரண்டு புத்தகங்களை இராமபாணப் பூச்சி ஊடுருவித் துளைத்திருந்தது. ஈரம் போகட்டும் என்று அவற்றை மொட்டைமாடி வெயிலில் விரித்து வைத்தேன். நான் செய்த முதல் பிழை அது. மை ஏற்கெனவே மங்கியிருந்தது. ஒரே பகலில் தாள் முறுகி ஓரங்கள் அப்பளமாக உதிர்ந்தன. இரண்டாவது பிழை, கிழிந்த பக்கங்களை ஒட்டுநாடாவால் ஒட்டியது. முன்பு யாரோ ஒட்டியிருந்த நாடா பழுப்பேறி எழுத்தை விழுங்கியிருந்ததைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டே ஒட்டினேன்.

ஆவணப் பாதுகாப்பில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை: வெயில் வேண்டாம், நிழலில் காற்றோட்டம் போதும். ஒட்ட வேண்டாம், கிழிந்த துண்டைத் தாள் உறைக்குள் போட்டு அதே பக்கத்தில் வையுங்கள். குறிப்பு எழுதுவதானால் பென்சில். முதலில் படம் எடுங்கள், பிறகு படியுங்கள். யன்னலோரம் காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கைத்தொலைபேசியை இரண்டு பக்கமும் அடுக்கிய பாமாலைகளின் மேல் பலகை வைத்து நிறுத்தி, வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுத்தேன். வெற்றுப் பக்கத்தை விட்டால் நாளைக்கு ஒருவர் நடுவே ஒரு பக்கம் காணவில்லை என்பார். படங்களின் பிரதி ஒன்று போதகரிடம், ஒன்று என்னிடம், ஒன்று டொரொன்டோவில் இருக்கும் ஒரு சபைப் பிள்ளையிடம்.

அங்கத்தவர் பதிவேட்டில் கட்டங்கள் ஐந்து: இலக்கம், பெயர், ஞானஸ்நானம், திருவிருந்தில் சேர்ந்த நாள், குறிப்பு. முதல் நான்கையும் ஒரு கிழமையில் பார்த்து முடித்தேன். ஐந்தாவது கட்டத்தைத்தான் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்வேன்.

அதில் பெரும்பாலும் ஒரே சொல்தான். பழைய பக்கங்களில் ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர் பெயர்களுக்கு எதிரே "மெல்பேர்ன்", "மெல்பேர்ன்", "பேர்த்", மறுபடி "மெல்பேர்ன்". 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்த பிறகு எழுதுவினைஞர் உத்தியோகங்களில் இருந்த அந்தக் குடும்பங்கள் கப்பல் ஏறியதன் சுவடு அது. அவர்கள் போன வாங்குகளில் தமிழர் வந்து உட்கார்ந்தார்கள்: மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள், துறைமுகத் தொழிலாளர், யாழ்ப்பாணத்து ஆசிரியர் இரண்டொருவர். முதல் தமிழ் ஆராதனை பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் நடந்ததாகக் கூட்டக் குறிப்பு சொல்கிறது. கொழும்பில் தோட்டம் என்றால் செடிகொடி இருக்காது. பொதுக் குழாயும் வரிசை வீடுகளும்தான்.

பிறகு சில பக்கங்கள் "தமிழ்நாடு". 1964இல் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று பிரித்தார்கள். ஆட்களைப் பொருள் மாதிரிப் பங்கிட்ட கணக்கு. எங்கள் பதிவேட்டில் அதன் பங்கு பதினொரு பெயர்கள். அடுத்து 1983 ஜூலைக்குப் பிறகு வரும் பக்கத்தில் "கனடா", "இந்தியா", "லண்டன்", மூன்று இடங்களில் "தெரியாது". அந்தத் "தெரியாது"வை எழுதிய கை நடுங்கியிருக்கிறது. அல்லது பேனா சரியில்லை. நூலில் இரண்டையும் எழுதாமல் படத்தை மட்டும் அச்சிட்டேன்.

பதிவேடு பேசாத இடத்தில் முதியவர்களிடம் போனேன். ஆண்டைக் கேட்டு ஒரு பயனும் இல்லை. "எந்த ஆண்டு?" என்றால் பணிவுக்காக ஏதாவது ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள், அது எழுத்தில் ஏறி வேதவாக்காகிவிடும். முன்னா பின்னா என்று கேட்க வேண்டும். நானும் கெட்டிக்காரத்தனமாக ஓர் அம்மாவிடம், "கூரை மாற்றியது கலவரத்துக்கு முன்னா பின்னா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தக் கலவரம், தம்பி?" ஐம்பத்தெட்டு, எழுபத்தேழு, எண்பத்து மூன்று என்று அவர் விரல் மடக்கினார். கூரை எழுபத்தேழுக்குப் பின், எண்பத்து மூன்றுக்கு முன்.

பிடியரிசிக் கொப்பியைப் பற்றி எனக்குச் சொன்னதும் அந்த அம்மாதான். சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு பால்மாப் பேணியில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து சபைப் பானையில் கொட்டுவது. யாழ்ப்பாணத்து மிஷன் சபைகளில் நெடுநாள் வழக்கம். எங்கள் சபையில் இருந்ததாக ஒரு கூட்டக் குறிப்பிலும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "கூட்டத்தில் ஆம்பிளைகள்தானே எழுதினார்கள்" என்றார்.

கொப்பி அவருடைய தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் இருந்தது. நூற்கண்டுகளுக்குக் கீழே, எண்ணெய் மணத்தோடு. வீட்டை விட்டு வெளியே தர மாட்டேன் என்றார். சரியான முடிவு, அலுமாரிக்கு வந்திருந்தால் பூச்சி தின்றிருக்கும். மூன்று சனிக்கிழமைகள் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுத்தேன். வரலாறு தேடிப் போகிறவர்கள் மூலப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வராமல் இருப்பது நல்லது. படியில் உட்கார்ந்ததால் எனக்குத் தேநீரும் கிடைத்தது, பக்கத்துக்குப் பக்கம் விளக்கமும் கிடைத்தது.

இடப்பக்கம் கொடுத்தவர் பெயரும் அளவும். "மூன்று சுண்டு." "ஒரு சுண்டு, பிள்ளைக்குச் சுகமில்லை." 1973, 1974இல் பாண் வரிசை நின்ற காலத்தில் அளவு இறங்கி இறங்கி, சிலருக்கு எதிரே அரிசிக்குப் பதிலாக "மரவள்ளி" என்று இருக்கிறது. ஒரு ஞாயிறும் பக்கம் காலியாக இல்லை. வலப்பக்கம் அரிசி போன இடம். கொழும்பில் எங்கள் ஒழுங்கையைத் தாண்டி அது அதிக தூரம் போகவில்லை. 1980 ஓகஸ்டில் அடுத்தடுத்து ஒன்பது வீடுகள்: "வேலை போனவர், ஒரு கொத்து." அந்த ஆண்டு ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசாங்கம் பல்லாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஒன்பது பெயர்களில் நான்கு சிங்களப் பெயர்கள், இரண்டு முஸ்லிம் பெயர்கள். யார் எந்தச் சபை என்று ஒரு கட்டம் போட அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதே சமயத்தில் மூப்பர் கூட்டத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. நூலின் முதல் பக்கத்தில் சபையின் தூரநோக்கும் பணிக்கூற்றும் வர வேண்டும் என்று முடிவாகி, அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு செயலாளர். நான்கு கூட்டங்களில் பிறந்த வாக்கியம் எழுபது சொற்கள் நீண்டது. "முழுமையான", "நிலைபேறான", "வலுவூட்டல்" எல்லாம் அதில் இருந்தன. வங்கியின் சுவரில் மாட்டினாலும் பொருந்தும். நான் கொப்பியின் இரண்டு பக்கங்களைப் பெரிதாக்கி எடுத்துப் போய் மேசையில் வைத்தேன். இதை அப்படியே அச்சிடுவோம் என்றேன். நீண்ட நேரம் பேசினார்கள். பணிக்கூற்றை எழுதிய தம்பிக்கு மனம் நொந்தது. அவருடைய உழைப்பை நான் இன்னும் பக்குவமாகக் கையாண்டிருக்கலாம். கடைசியில் வாக்கெடுப்பு. ஒரு வாக்கால் கொப்பி வென்றது. எங்கள் முறையின் அழகும் தொல்லையும் இதுதான். போதகர் என் பக்கம் இருந்தும் அவருக்கும் ஒரு வாக்குதான்.

2022இல் காஸ் வரிசையும் பால்மாத் தட்டுப்பாடும் வந்தபோது பெண்கள் சங்கத்தில் யாரோ மறுபடி ஒரு பேணியை வாசலில் வைத்திருந்தார்கள். அப்போது அதை நான் புதிய யோசனை என்று நினைத்திருந்தேன். வைத்தவர் தையல் இயந்திரக்கார அம்மாவின் மருமகள்.

2019 பற்றி எழுதுவதா என்று நெடுநேரம் யோசித்தேன். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, எங்கள் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தின் பக்கமிருந்து குண்டுச் சத்தம் வந்தது. கூட்டக் குறிப்பில் ஒரே வரி: "அடுத்த ஞாயிறு ஆராதனை இல்லை." அதையே நூலிலும் வைத்தேன், மேலே கீழே எதுவும் சேர்க்கவில்லை.

1642 மட்டும் தீராமல் நின்றது. ஒரு மாலை மூப்பரை வீட்டுக்குப் போய்ச் சந்தித்தேன். வாதாடப் போகவில்லை, பெயர்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பதிவேட்டுப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். "தமிழ்நாடு" பக்கத்தில் ஐந்தாவது பெயரில் அவர் விரல் நின்றது. அவருடைய மூத்த அக்கா. குடும்பத்தில் அவருக்கு இலங்கை, அக்காவுக்கு இந்தியா என்று கடிதம் வந்ததாம். தலைமன்னார் வரை ரயிலில் கூடப் போயிருக்கிறார். "ஐயர் எழுதி வைத்திருக்கிறாரா?" என்று இரண்டு தரம் கேட்டார். அந்தக் காலத்துப் போதகரைச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். எழுந்து வரும்போது பதாகை பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. விழாவன்று போய்ப் பார்த்தால் "1642 முதல்" இருந்த இடத்தில் வெள்ளைத் துணிப் பட்டை ஒன்று தைத்திருந்தது. நூலின் அட்டையில் வுல்பெண்டால் படம் இருந்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அது நல்ல படம், நானும் விட்டுவிட்டேன்.

நூல் ஐம்பதுக்குப் பதிலாக அறுபத்து நான்கு பக்கம் வந்தது, 150 பிரதிகள். அச்சுக்குப் போகுமுன் பெயர்களை உரத்து வாசித்து இன்னொருவரைக் கேட்கச் சொன்னால் பிழை குறையும் என்று எனக்குத் தெரியும்; கடையில் சரக்குப் பட்டியலை அப்படித்தான் சரிபார்ப்போம். பிடியரிசிப் பட்டியலுக்கு மட்டும் நேரமில்லை என்று விட்டேன். விழா முடிந்து தேநீரும் பட்டீசும் பரிமாறும்போது அந்த அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நாற்பத்தொன்றாம் பக்கம். அவருடைய தாயின் பெயர் அன்னம்மா. நான் அன்னபூரணம் என்று அச்சிட்டிருந்தேன். அன்னபூரணம் அடுத்த வரியில் இருந்தவர்.

அந்த நேரத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பிரதிகள் கை மாறிவிட்டிருந்தன. வாசலில் ஒரு மேசையைப் போட்டு, நீல மைப் பேனாவோடு உட்கார்ந்து, போகிறவர்களை நிறுத்தி ஒவ்வொன்றாக வாங்கித் திருத்தினேன். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு எழுத்தைப் பார்த்தார். "அந்த இரண்டு சுழியை வடிவாகப் போடும், தம்பி" என்றார்.